காரில் பென்டிரைவ் பாட்டு: முதல் முறை ஏற்றுபவர்களுக்கு

கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சென்ற முறை போனபோது பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, போனில் சிக்னல் போய்விட்டது. ஆப்பில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு வரியின் நடுவிலேயே நின்றது. பின் சீட்டிலிருந்து அம்மா, "டேப்புல ஏதாவது போடேன்டா" என்றார். எங்கள் வீட்டில் கார் ஸ்டீரியோவுக்கு இன்றைக்கும் டேப் என்றுதான் பெயர். டேஷ்போர்டில் கிடந்த பென்டிரைவை எடுத்துச் செருகினேன். திரையில் 'ரீடிங்' என்று வந்தது. மலைமேல் போய்ச் சேரும்வரை அதுவேதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பி அதே பென்டிரைவை லேப்டாப்பில் போட்டால் எல்லாப் பாட்டும் ஜோராகப் பாடுகிறது. லேப்டாப்புக்கு ஏற்றபடி நிரப்பிய பென்டிரைவை ஸ்டீரியோவின் கையில் கொடுத்தது என் தப்பு. ஸ்டீரியோவுக்குள் இருப்பது ஒரு குட்டிக் கணினி. அதற்கு நினைவகம் கொஞ்சம், தெரிந்த ஃபைல் வகைகளும் கொஞ்சம். அது படிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தால் சில விநாடிகளில் பாடத் தொடங்கிவிடும். அப்படி எழுதிக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில் போர்ட்

காரில் இரண்டு மூன்று யூஎஸ்பி போர்ட்கள் இருக்கலாம். எல்லாமே பாட்டுக்கானவை அல்ல. பக்கத்தில் மின்னல் அல்லது பேட்டரி படம் மட்டும் போட்டிருந்தால் அது சார்ஜ் ஏற்ற மட்டும். மூன்று கிளை பிரிந்த திரிசூலம் மாதிரியான யூஎஸ்பி குறியோ இசைக் குறியோ இருந்தால் அதில் செருகுங்கள். எந்தப் படமும் இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் செருகி, ஸ்டீரியோவில் 'சோர்ஸ்' அல்லது 'மீடியா' பட்டனை அழுத்திப் பார்த்துவிடலாம். பின் சீட்டுக்குக் கொடுத்திருக்கும் போர்ட்கள் பெரும்பாலும் சார்ஜுக்குத்தான். கடையில் தனியாக வாங்கி மாட்டிய ஸ்டீரியோ என்றால் போர்ட் அதன் முகப்பிலேயே ஒரு சின்ன ரப்பர் மூடிக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் ஒரு ஒயராக டேஷ்போர்டு டிராயருக்குள் இறங்கியிருக்கும்.

புதிய கார்களில் டைப்-சி போர்ட் மட்டுமே வருவதும் உண்டு. அதற்கு ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் சாதாரண யூஎஸ்பி என்று இரண்டு முனையும் உள்ள பென்டிரைவ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

போனை கேபிளில் செருகினால் அதுவும் பென்டிரைவ் மாதிரி பாடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பாடாது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் கணினியிடம் பேசுவதே வேறு முறையில். பெரும்பாலான ஸ்டீரியோக்களுக்கு அவை பென்டிரைவாகத் தெரிவதில்லை. போனின் ஆப்புகளைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே எல்லாம் தனிக் கதை.

அப்புறம், யாரும் செய்யாத ஒரு வேலை: காரோடு வந்த கையேட்டில் யூஎஸ்பி பக்கத்தைப் புரட்டுங்கள். எந்த ஃபார்மட், எந்த வகைப் பாட்டு, அதிகபட்சம் எத்தனை ஃபோல்டர், எத்தனை ஃபைல் என்று அதில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். இந்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும். என் ஸ்டீரியோவின் எல்லையை மீறி ஆயிரக்கணக்கில் பாட்டு ஏற்றி வைத்திருந்தேன் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எவ்வளவு பெரிய பென்டிரைவ்?

32 ஜிபி போதும். 16 ஜிபி இருந்தாலே தாராளம். கணக்கு எளிது: 128 கேபிபிஎஸ் (ஒரு விநாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 எம்பி, 320 கேபிபிஎஸ் என்றால் 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு உயர்ந்த தரத்தில் 12 எம்பி பிடிக்கும். 32 ஜிபியில் அப்படி 2,600 பாட்டுக்கு மேல் ஏறும், அதாவது 220 மணி நேரம். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வர ஒன்பது தடவை ஓட்டினாலும் கேட்ட பாட்டு திரும்ப வராது. இதற்கு மேல் என்ன வேண்டும்? (32 ஜிபி வாங்கினால் கணினி 29.8 என்றுதான் காட்டும். பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.)

பிளாட்பாரத்தில் '2 டிபி' என்று சில நூறு ரூபாய்க்கு விற்பதை வாங்காதீர்கள். உள்ளே சின்ன சிப்பை வைத்து, பெரியது என்று கணினியிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். ஏற்றும்போது எல்லாம் ஏறியதாகக் காட்டும்; ஒரு எல்லைக்குப் பிறகு உள்ளவை பாடாது. சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென்டிரைவை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

உருவத்தில் கட்டை விரல் நகம் அளவுக்கு இருக்கும் குட்டை வகைதான் காருக்கு நல்லது. நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் கியர் போடும் கையிலோ முழங்காலிலோ இடித்து, ஒரு நாள் போர்ட்டையே பெயர்த்துவிடும். போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வேண்டாம். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். ஹார்டு டிஸ்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேலேயே கேட்கும். தவிர, நம் ரோட்டுப் பள்ளங்களுக்கு அது தாங்காது.

ஃபார்மட்

இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பென்டிரைவில் ஃபைல்களை எப்படி அடுக்கி வைப்பது என்பதற்குப் பல முறைகள் உண்டு: ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ். கணினிக்கு மூன்றும் தெரியும். ஸ்டீரியோக்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்தது ஃபேட்32 ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். கடையில் வாங்கும் 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும். செருகியதும் 'டிவைஸ் எரர்' என்று வருவதற்கு முதல் காரணம் இது.

ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். கல்யாண போட்டோ எதுவும் அதில் கிடக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸில், ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் சிஸ்டம்' என்ற இடத்தில் ஃபேட்32. அதற்குக் கீழே உள்ள 'அலகேஷன் யூனிட்' இருக்கிறபடியே இருக்கட்டும். 'குயிக் ஃபார்மட்' டிக் ஆகியிருக்கட்டும். 'ஸ்டார்ட்'. அவ்வளவுதான். பென்டிரைவ் 64 ஜிபியாக இருந்தால் அந்தப் பட்டியலில் ஃபேட்32 வராமல் போகலாம். விண்டோஸின் அந்தப் பெட்டி வெகுகாலமாக 32 ஜிபியோடு நிறுத்திக்கொண்டது. அது விண்டோஸின் கட்டுப்பாடு, ஃபேட்32-இன் கட்டுப்பாடு அல்ல. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் 'நான் பூட்டபிள்' என்பதைத் தேர்ந்து ஃபேட்32 கொடுத்தால் செய்து தரும்.

மேக்கில் 'டிஸ்க் யுடிலிட்டி'யைத் திறந்து, 'வியூ' மெனுவில் எல்லா டிவைஸ்களையும் காட்டச் சொல்லி, பென்டிரைவின் மேல் மட்டப் பெயரைத் தேர்ந்து 'இரேஸ்' கொடுங்கள். ஃபார்மட்டுக்கு 'எம்எஸ்-டாஸ் ஃபேட்', ஸ்கீமுக்கு 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்'. இந்த ஸ்கீம் முக்கியம். அது வேறாக இருந்தால் ஃபேட்32 ஆனாலும் சில ஸ்டீரியோக்கள் கண்டுகொள்ளாது.

எந்த மாதிரிப் பாட்டு

எம்பி3. ஃபைல் பெயரின் வாலில் வரும் அந்த மூன்று எழுத்தை 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து யூஎஸ்பி வைத்து வந்த ஸ்டீரியோ எதையெடுத்தாலும் இதைப் பாடும். ஃப்ளாக் வகை தரத்தில் உயர்ந்தது, புதிய ஸ்டீரியோக்கள் பலவும் பாடுகின்றன. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் சத்தத்துக்கும் ஏசி சத்தத்துக்கும் நடுவில் அதற்கும் 320 கேபிபிஎஸ் எம்பி3-க்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் காது கூர்மையானால் முயன்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எம்4ஏ என்று முடியும் ஃபைலுக்குள் இரண்டு வேறு வகைகள் இருக்கலாம், ஏஏசி ஒன்று, ஏஎல்ஏசி இன்னொன்று. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதலாவதைப் பாடும் ஸ்டீரியோ இரண்டாவதில் மௌனம் சாதிக்கலாம். ஒரே ஃபோல்டரில் சில பாட்டு மட்டும் பாடவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பாட்டு ஆப்புகளில் 'டவுன்லோட்' செய்தவற்றை பென்டிரைவில் போட முடியாது. அவை பூட்டுப் போட்ட ஃபைல்கள். அந்த ஆப்புக்குள் மட்டும்தான் திறக்கும். விலை கொடுத்து ஃபைலாக வாங்கிய பாட்டு ஏறும். ஐடியூன்ஸ் கடையில் 2009 முதல் பாட்டுகள் பூட்டில்லாமல்தான் வருகின்றன. வீட்டில் பரணில் கிடக்கும் ஆடியோ சிடிக்கள் இன்னும் நல்ல வழி. சிடி டிரைவ் உள்ள கணினியில் போட்டு 'ரிப்' செய்தால், அதாவது பாட்டைக் கணினிக்குள் ஃபைலாக எடுத்தால், நிமிடத்துக்கு 10 எம்பி இருக்கும் சிடிப் பாட்டு 2.4 எம்பி எம்பி3 ஆகிவிடும். 128-இல் இருக்கும் பழைய ஃபைலை 320-க்கு மாற்றுவதில் பயன் எதுவும் இல்லை. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுகிற கதைதான்.

வரிசை

இனிமேல்தான் உண்மையான வேலை. ஸ்டீரியோவுக்குப் பாட்டு தெரியாது, பாடகர் தெரியாது. அது பார்ப்பது ஒரு ஃபைல் பட்டியலைத்தான். அந்தப் பட்டியலை எந்த வரிசையில் படிக்கும் என்பதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஃபைல் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கும். இன்னொன்று அடுக்கவே அடுக்காது. பென்டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில் பாடும்.

முதல் சாதிக்கு எண் போடுங்கள். வெறும் 1, 2, 3 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10, 11, 12 பாடிவிட்டுப் பிறகு 2-க்கு வரும், ஏனென்றால் அது எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது. 01, 02 என்று போடுங்கள். நூறைத் தாண்டும் ஃபோல்டரில் 001.

இரண்டாம் சாதி கொஞ்சம் குறும்புக்காரச் சாதி. லேப்டாப்பில் திறந்து பார்த்தால் எல்லாம் அழகாக வரிசையில் இருக்கும். அது விண்டோஸ் நமக்காக அடுக்கிக் காட்டுவது. உள்ளே உண்மையான பட்டியல் வேறு மாதிரி இருக்கும். புதிதாக ஒரு பாட்டைச் சேர்த்தால் கடைசியில் போய் உட்காரும். நடுவில் ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டால், புதியது பழையதன் காலி இடத்தில் போய் உட்காரவும் வாய்ப்புண்டு. நான் ஒரு முறை தாலாட்டுகள் வரிசைக்கு நடுவே குத்துப் பாட்டைக் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்ததற்கு இதுதான் காரணம். இதற்கு மருந்து: விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சின்ன மென்பொருள்கள் அந்த உள் பட்டியலையே அகர வரிசைக்கு மாற்றி எழுதித் தருகின்றன. பாட்டுகளை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு கடைசியாக ஒரு தடவை ஓட்டினால் போதும். மென்பொருள் எதுவும் வேண்டாம் என்றால், பென்டிரைவைக் காலி செய்து ஃபோல்டர்களை வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுங்கள்.

உங்கள் ஸ்டீரியோ எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க, மூன்று பாட்டுக்கு 03, 01, 02 என்று பெயர் வைத்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுத்துச் செருகிப் பாருங்கள். 01 முதலில் வந்தால் அகர வரிசை. 03 முதலில் வந்தால் இரண்டாம் சாதி.

ஃபோல்டர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று போகாதீர்கள். ஒரே மட்டம் போதும். ஓட்டும்போது சின்னத் திரையில் நான்கு படி இறங்கித் தேடுவது ஆபத்து. படத்துக்கு ஒரு ஃபோல்டர், வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துவைத்துப் பார்த்தேன், காரில் அது உதவவில்லை. காரில் யாரும் வருஷத்தைத் தேடுவதில்லை. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன நேரம் என்பதுதான் கணக்கு. இப்போது என் பென்டிரைவில் இருப்பவை: 01 சாமி, 02 அம்மா, 03 குழந்தை, 04 நைட் டிரைவ், 05 கூட்டம். சாமி பாட்டு 01-இல் இருப்பதால் சாவி போட்டதும் பிள்ளையாரோடுதான் வண்டி கிளம்பும். அதில் வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஐம்பதிலிருந்து நூறு பாட்டு. 'ஃபோல்டர் ரிபீட்', 'ஃபோல்டர் ஷஃபிள்' என்ற இரண்டையும் ஸ்டீரியோவில் எங்கே இருக்கிறது என்று வண்டி நிற்கும்போதே பழகிவிடுங்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்க ஆசைதான். மேலே சொன்ன ஃபோல்டர் பெயர்களைக்கூட உண்மையில் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். பல ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். ஒற்றைப் பாட்டை மட்டும் தமிழில் பெயரிட்டு முதலில் சோதியுங்கள். சரியாக வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இதில் இன்னொரு சிக்கல். திரையில் வருவது ஃபைல் பெயரா, பாட்டுக்குள் ஒட்டியிருக்கும் டேகா என்பது ஸ்டீரியோவைப் பொறுத்தது. ஒவ்வொரு எம்பி3-க்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் எழுதிய ஒரு சீட்டு உண்டு; ஐடி3 டேக் என்பார்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளில் வாங்கிய ஃபைல்களில் இந்தச் சீட்டில் ஏதாவது வெப்சைட் விளம்பரம்தான் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு அதே விளம்பரம் திரையில் ஓடும். பாலசுப்ரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்கள். 'ஆர்ட்டிஸ்ட்' பட்டியலில் ஒருவரே ஏழு பேராக நிற்பார். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு ஃபோல்டரையே மொத்தமாகத் தேர்ந்து ஒரே பெயருக்கு மாற்றிவிடலாம். சேமிக்கும் முன் அதன் அமைப்புகளில் ஐடி3 பதிப்பு 2.3 என்று இருக்கட்டும். 2.4 புதியது என்றாலும் பழைய ஸ்டீரியோக்கள் அதில் தடுமாறுகின்றன.

ஆல்பம் அட்டைப் படம் பெரிதாக இருந்தால் பாட்டு மாறும்போது ஸ்டீரியோ திணறும். 500க்கு 500 பிக்சல், சாதாரண ஜேபெக். போதும்.

ஒரு பாட்டு முனகுகிறது, அடுத்தது அலறுகிறது

1970-களின் பாட்டு மெதுவாக வரும், சத்தத்தைக் கூட்டுவோம். அடுத்து வருவது போன வருஷப் பாட்டு, காது கிழியும். இதற்கு மருந்து எம்பி3கெயின் என்ற மென்பொருள். எல்லாப் பாட்டையும் அளந்து ஒரே அளவுக்கு, வழக்கமாக 89 டெசிபலுக்கு, கொண்டுவரும். பாட்டைத் திரும்ப உருமாற்றாமல் உள்ளே இருக்கும் சத்த அளவை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றுவதால் தரம் குறையாது. வேறு சில மென்பொருள்கள் அளவை டேகில் மட்டும் எழுதிவைக்கும். கார் ஸ்டீரியோக்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை.

செருகிய பிறகு

கணினியிலிருந்து எடுக்கும்போது 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள். காரில், சோர்ஸை ரேடியோவுக்கு மாற்றிவிட்டு உருவுங்கள். முதல் முறை செருகும்போது பட்டியலைப் படிக்கச் சற்று நேரம் பிடிக்கும், பொறுமை. ஒரு நிமிடம் தாண்டியும் ரீடிங்கிலேயே நின்றால், ஒரே ஒரு எம்பி3 மட்டும் போட்ட பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். அது பாடினால் கோளாறு உங்கள் ஃபைல்களில். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மறுபடி பாதியாக்கித் தேடுங்கள். அதுவும் பாடவில்லை என்றால் ஃபார்மட்டையோ போர்ட்டையோ பாருங்கள்.

மேக்கிலிருந்து ஏற்றியவர்களுக்கு மட்டும் வரும் ஒரு பேய் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் இரட்டையாக, புள்ளியும் அடிக்கோடும் போட்டுத் தொடங்கும் சில கேபி ஃபைல் ஒன்று மறைவாக உண்டாகும். மேக் அதைக் காட்டாது. ஸ்டீரியோ அதையும் பாட்டென்று நினைத்துப் பாடப் போய் 'அன்சப்போர்ட்டட்' என்று முறைக்கும். ஒரு விண்டோஸ் கணினியில் செருகி, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அவற்றை மட்டும் அழியுங்கள்.

வெயிலில் நிறுத்திய காரில் பென்டிரைவை டேஷ்போர்டின் மேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே தொட்டால் கை சுடும். டிராயருக்குள் போடுங்கள்.

யூஎஸ்பியே இல்லாத பழைய கார் என்றால், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்குங்கள். அதன் பக்கத்திலேயே பென்டிரைவ் செருக இடம் இருக்கும். இதுவரை சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும். அது பாட்டைக் குட்டி வானொலி நிலையம் மாதிரி 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒலிபரப்பும், கார் ரேடியோ அதைப் பிடிக்கும். சென்னைக்குள் காலியான அலைவரிசை கிடைப்பது கஷ்டம். 91.1, 93.5, 98.3, 106.4 என்று வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு முறை, விழுப்புரம் தாண்டியதும் ஒரு முறை அலைவரிசையை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். மாற்றுகிற வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.